ஞாயிறு 45 நிமிடம்: மறைக்கல்வி ஆசிரியர்களைத் தயார் செய்வது எப்படி

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு பங்குகளில், அதாவது கத்தோலிக்கக் கோயில்களில், பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ நம்பிக்கையைச் சொல்லிக் கொடுக்கும் மறைக்கல்வி வகுப்பும் தொடங்கும். அதற்கு முந்தைய ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்பு வரும்: "மறைக்கல்வி வகுப்புக்கு ஆசிரியர்கள் தேவை, விருப்பமுள்ளவர்கள் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்." நாலைந்து பேர் வருவார்கள். நர்சிங் படிக்கும் பெண், ஓய்வுபெற்ற தபால்காரர், பீடச்சிறுவனாக இருந்து வளர்ந்த பையன், கணவரைக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று தயங்கும் ஓர் அக்கா. ஆளுக்கொரு பாடநூல், ஒரு வருகைப் பதிவேடு, அரைப் பெட்டி சாக்பீஸ். "அடுத்த ஞாயித்துக்கிழமைல இருந்து வந்திருங்க." பயிற்சி அத்தோடு முடிந்தது.

இப்படி வந்தவர்களை ஆசிரியர்களாக்கும் பொறுப்பை உங்கள் தலையில் பங்குத்தந்தை வைத்திருக்கிறார் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஞாயிறு பள்ளி நடத்தும் மற்ற சபையினருக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

நான் நடத்திய முதல் பயிற்சி படுதோல்வி. சனிக்கிழமை காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை, புரொஜெக்டர் வைத்து, விரிவுரை முறை ஏன் பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்று நான்கு மணி நேரம் விரிவுரை ஆற்றினேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பிரியாணிப் பொட்டலம் வாங்கும் வரிசையில் அந்த நர்சிங் பெண் பக்கத்தில் வந்து கேட்டாள்: "சார், நீங்க சொன்னது புரிஞ்சுது. நாளைக்கு உள்ள போனதும் நான் முதல்ல என்ன சொல்லணும்?"

என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு பயிற்சி என்று நான் செய்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியதுதான்.

முதலில் ஒரு கணக்கு

புதிய ஆசிரியர்களோடு உட்கார்ந்ததும் கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுங்கள். ஆண்டில் 52 ஞாயிறு. கோடை விடுமுறை, அரையாண்டு விடுமுறை, ஊர்த் திருவிழா, பரீட்சைக்கு முந்தைய ஞாயிறுகள், மழை என்று கழித்தால் எங்கள் பங்கில் 35 தேறும். வகுப்புக்கு 45 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 26 மணி நேரம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒரே வாரத்தில் உட்காரும் நேரம் இதைவிட அதிகம்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் அறை கொஞ்சம் அமைதியாகும். "பாடநூலை முடிக்கணுமே" என்ற பதற்றம் அங்கேயே கழன்று விழ வேண்டும். எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கும் அவகாசம் நமக்கு இல்லை. ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு காரியம், அதைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மதியச் சாப்பாட்டில் "இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று அம்மா கேட்டால் பிள்ளை சொல்லப் போகும் ஒரு வாக்கியம் எது? ஆசிரியர் சனிக்கிழமை இரவே அதை எழுதி வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியம் இல்லாமல் யாரையும் வகுப்புக்குள் அனுப்பாதீர்கள்.

இரண்டிரண்டு பேராக

எண்ணிக்கை போதவில்லை என்று ஆளுக்கொரு வகுப்பைக் கொடுத்துத் தனியே தள்ளிவிடுவது வழக்கம். நான் அதைச் செய்வதில்லை. இரண்டு வகுப்புகளைச் சேர்த்தாவது இருவரை ஒன்றாகப் போடுவேன். ஒருவர் நடத்தும்போது இன்னொருவர் பிள்ளைகள் நடுவே பாயில் உட்கார்ந்திருப்பார். பின்வரிசையில் எது நடக்கிறது, எந்தக் குழந்தைக்கு எழுதவே வரவில்லை, யார் அழுதுகொண்டிருக்கிறார் என்பதெல்லாம் பாயில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் இதுவே முறை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று வாரம் பார்க்கட்டும்

முதல் மூன்று ஞாயிறு புதியவர் எதையும் நடத்த வேண்டாம். அனுபவமுள்ளவர் வகுப்பில் போய் உட்காரட்டும். சும்மா உட்கார்ந்தால் தூக்கம் வரும். ஆகவே கையில் ஒரு தாள். நடுவில் கோடு. ஒரு பக்கம் ஆசிரியர் பேசிய நிமிடங்கள், மறுபக்கம் பிள்ளைகள் பேசிய நிமிடங்கள். எல்லாரும் சேர்ந்து ஒப்பிப்பது பேச்சில் சேராது. ஒரு பிள்ளை தன் வாயால் தன் வார்த்தையில் சொன்னது மட்டும்தான் கணக்கு.

முதன்முறை என் வகுப்பையே இப்படிக் குறிக்கச் சொன்னேன். 40 நிமிட வகுப்பில் பிள்ளைகளின் பங்கு 3 நிமிடம். அதிலும் ஒரு நிமிடம் "சார், தண்ணி குடிச்சிட்டு வரட்டா?"

அந்தத் தாள் எந்த உரையும் சொல்லாததைச் சொல்லிவிடும். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளவும் கூடும். அனுபவசாலிகளிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். 20 ஆண்டாக மறைக்கல்வி நடத்தியவருக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண் கடிகாரத்தோடு உட்கார்ந்தால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும்.

ஒரு பாடத்தைப் பிரித்துப் பார்ப்போம்

கற்பித்தல் முறைகளைப் பட்டியல் போட்டுச் சொல்வதைவிட ஒரே பாடத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டுவது நல்லது. நான் எப்போதும் எடுப்பது நல்ல சமாரியர் உவமை. லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரம், 25 முதல் 37 வரை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்.

ஆசிரியர்களை முதலில் அந்தப் பகுதியை மூன்று முறை வாசிக்கச் சொல்வேன். மூன்றாவது முறை கேள்விக்குறிகளை மட்டும் எண்ணச் சொல்வேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் படும். திருச்சட்ட அறிஞர் "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்று கேட்கிறார். இயேசு அதற்கு விளக்கம் தருவதில்லை. கதை சொல்கிறார்: எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவரைக் கள்வர் அடித்துப் போட்டார்கள், அவ்வழியே வந்த குருவும் லேவியரும் பார்த்தும் விலகிப் போனார்கள், ஒரு சமாரியர் மட்டும் காயத்தில் எண்ணெய் வார்த்துக் கட்டி, சாவடியில் சேர்த்து, செலவுக்குப் பணமும் கொடுத்தார். கதை முடிந்ததும் கேள்வியைக் கேட்டவரிடமே திருப்பிப் போடுகிறார்: இந்த மூவரில் அடிபட்டவருக்கு அடுத்திருப்பவராக நடந்துகொண்டது யார்? பதிலைச் சொல்வது கேட்டவர்தான். நாமோ பாடநூலில் இந்த உவமைக்குக் கீழே "கருத்து: அனைவருக்கும் உதவ வேண்டும்" என்று அச்சிட்டு அதை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். கதை சொன்னவரே செய்யாததை நாம் செய்ய வேண்டுமா என்று கேட்டால் ஆசிரியர்கள் சிரிப்பார்கள். புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து இடம். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 250 மீட்டர். 25 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஒரு கிலோமீட்டர் இறக்கம். வறண்ட மலை, வளைவுகள், ஒளிந்துகொள்ளப் பாறைகள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கிய பிள்ளை வகுப்பில் ஒன்றாவது இருக்கும். "அந்த ரோட்டுல காடு இல்லாம, பஸ் இல்லாம, தனியா நடந்து வந்தா எப்படி இருக்கும்?" என்று அவனிடமே கேளுங்கள். வரைபடம் தேவையில்லை.

பொருள்கள் மூன்று போதும்: ஒரு பழைய துண்டு, ஒரு சிறிய எண்ணெய்ப் புட்டி, இரண்டு நாணயம். துண்டால் ஒரு பிள்ளையின் கையில் கட்டுப் போடுங்கள். நாணயத்தைப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வையுங்கள். சாவடிப் பொறுப்பாளரிடம் சமாரியர் கொடுத்தது இரண்டு தெனாரியம். ஒரு தெனாரியம் அன்றைய கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆக இரண்டு நாள் கூலி. இங்கே நிறுத்திக் கேளுங்கள்: "உங்க அப்பா ரெண்டு நாள் கூலிய, முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளுக்கு ஆஸ்பத்திரி செலவுக்குக் குடுத்துட்டு வந்தா வீட்ல என்ன நடக்கும்?"

எங்கள் வகுப்பில் ஒருவன் யோசிக்கவே இல்லை. "அம்மா வெளுத்துருவாங்க சார்." வகுப்பே சிரித்தது. சிரித்து அடங்கியதும் ஒரு சிறுமி மெதுவாகச் சொன்னாள், "எங்கம்மா முதல்ல திட்டுவாங்க. அப்புறம் அந்த ஆளுக்குச் சாப்பாடு குடுத்தீங்களான்னு கேப்பாங்க." பாடநூலில் இருக்கும் எந்தக் கருத்துரையும் இந்த வாக்கியத்தின் பக்கத்தில் நிற்காது. ஆசிரியர் அப்போது செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. புதியவர்கள் இங்கேதான் கெடுப்பார்கள். "ஆமா, அதனால நாம என்ன கத்துக்கறோம்னா..." என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

சமாரியர் என்றால் யார் என்ற இடம் வரும். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் புழங்கமாட்டார்கள் என்று சொன்னதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவுரை வேண்டியிருக்காது. "அப்ப அவரு அந்தத் தெருக்காரங்க மாதிரியா சார்?" என்று ஒரு குரல் வரும். இந்தக் கேள்வி கட்டாயம் வரும் என்று பயிற்சியிலேயே சொல்லி வையுங்கள். கல்லறையிலும் தேர் வீதியிலும் சாதி பார்த்த வரலாறு நம் பங்குகளுக்கு உண்டு. பிள்ளைக்கு அது தெரியும். மழுப்பினால் அவன் அதையும் ஒரு பாடமாகக் கற்றுக்கொள்வான். பேச்சை வளர்த்தால் அந்தத் தெருவிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை கூனிக் குறுகும். நான் ஆசிரியர்களுக்குச் சொல்வது: எந்தத் தெருப் பெயரும் எந்தச் சாதிப் பெயரும் வகுப்பில் ஒலிக்க விடாதீர்கள். "அப்படி ஒருத்தர ஒதுக்கி வைக்கிறது உங்களுக்கு எப்படிப் படுது?" என்று எல்லாரையும் பார்த்துக் கேளுங்கள். பிறகு 37-ஆம் வசனத்தைக் காட்டுங்கள். இயேசு கேட்ட கேள்விக்குத் திருச்சட்ட அறிஞர் "சமாரியர்" என்று பெயர் சொல்லிப் பதில் தரவில்லை. "அவருக்கு இரக்கம் காட்டியவர்" என்று மட்டும்தான் சொல்கிறார். ஏன் அவர் வாயில் அந்தப் பெயர் வரவில்லை? இதைக் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி கேட்டபின் ஒரு செபம்

புதிய ஆசிரியரின் பொதுவான வியாதி, கேள்வியைக் கேட்டு இரண்டு வினாடிக்குள் தானே பதில் சொல்லிவிடுவது. மௌனம் அவர்களுக்குப் பயம். பத்து வினாடி காத்திருங்கள் என்றால் யாரும் காத்திருப்பதில்லை. கடைசியில் ஒரு வழி கிடைத்தது. "கேள்வியைக் கேட்டதும் மனசுக்குள்ள ஒரு 'அருள் நிறைந்த மரியே' முழுசா சொல்லுங்க. 'ஆமென்' வந்த பிறகுதான் வாயைத் திறக்கலாம்." அவசரமில்லாமல் சொன்னால் பத்து பதினைந்து வினாடி ஆகும். அதற்குள் வகுப்பில் சில கைகள் உயர்ந்துவிடும். முதலில் உயரும் கையை விட்டு மூன்றாவது கையை அழையுங்கள். முதல் கை எப்போதும் ஒரே பிள்ளையுடையதாகத்தான் இருக்கும். பெரும்பாலும் ஆசிரியரின் மகளாகவும் இருக்கும்.

கேள்விகளிலும் வகை உண்டு. "சாவடியில் எவ்வளவு கொடுத்தார்?" நினைவுக்கானது. கதை பதிந்ததா என்று பார்க்க ஒன்றிரண்டு போதும். "குருவானவர் ஏன் விலகிப் போயிருப்பார்?" யோசனைக்கானது. "நீ என்றைக்காவது பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருக்கியா?" தனக்கானது. மூன்றாவது வகைக்குச் சத்தமாகப் பதில் கேட்கக் கூடாது. கண்ணை மூடி நினைத்துப் பார்க்கச் சொன்னால் போதும். அதுவே அன்றைய முடிவுச் செபம்.

மனப்பாடத்தைப் பழிக்காதீர்கள்

இவ்வளவு சொன்ன பிறகு, மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நம் கடற்கரையில் மறைக்கல்வி தொடங்கியதே மனப்பாடத்தில்தான். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. செபங்களைத் தமிழறிந்தவர்களைக் கொண்டு மொழிபெயர்த்து, தானே முதலில் மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்த ஊருக்குப் போகும்போது செபங்களை எழுதிக் கொடுத்து, தொடர்ந்து நடத்த ஒருவரை நியமித்துவிட்டுப் போனார். அவர்களுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். உபதேசியார் என்று பின்னால் நாம் அழைத்தவர்களின் முன்னோர் அவர்களே. தமிழில் அச்சான மிகப் பழைய நூல்களில் ஒன்றான தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சானது. 16 பக்கம், மறைக்கல்விச் சுவடிதான். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரின் மொழிபெயர்ப்பு. அடுத்த ஆண்டே கொச்சியில் வந்த கிரீசித்தியானி வணக்கம் வினாவிடை வடிவம்.

1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மறைக்கல்வி பற்றி எழுதிய ஏட்டிலும் மனப்பாடத்துக்கு இடம் கேட்டு வாதாடுகிறார். நினைவே இல்லாத மறைக்கல்வி பாலைவனம், அதில் விசுவாசப் பூக்கள் மலராது என்பது அவர் கருத்து. என் பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் எங்கள் பெயரெல்லாம் மறந்துபோனது. "கிருபை தயாபத்து மந்திரம்" என்ற பழைய மாதா செபம் மட்டும் மறக்கவில்லை. அதைப் பார்த்தவன் நான்.

சிக்கல், புரியாமல் ஒப்பிப்பதில். நம்பிக்கை அறிக்கை என்ற செபத்தில், இயேசுவுக்குத் தண்டனை விதித்த ஆளுநர் போந்தியு பிலாத்துவின் பெயர் வரும். அதில் "போந்தியு" ஓர் ஊரின் பெயர் என்று மூன்று ஆண்டாக நினைத்திருந்தான் ஒரு பையன். கன்னியாகுமரி பஸ் மாதிரி போந்தியு பிலாத்து. ஆகவே ஒரு ஞாயிறுக்கு ஒரு வரி. அந்த வரியில் தெரியாத சொல் எது என்று முதலில் பிள்ளையைக் கேட்டு, அதை விளக்கிவிட்டுப் பிறகு மனப்பாடம். நீளமான செபத்தைக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கிச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். கடைசி வரி, பிறகு கடைசி இரண்டு வரி, பிறகு மூன்று. தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போவதால் பிள்ளை முடிக்கும்போது குரல் உயரும். வழக்கமான முறையில் கடைசிக்குப் போகப் போகக் குரல் தேய்ந்து முணுமுணுப்பாகிவிடும். வித்தியாசம் காதிலேயே தெரியும்.

கையால் தொடட்டும்

திருப்பலியில் முதன்முறை நற்கருணை வாங்கத் தயாராகும் பிள்ளைகளின் வகுப்புக்கு இது தனியாக வேண்டும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார், போர்க் காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் இருந்தார். அவர் கத்தோலிக்கர். திருவழிபாட்டைப் பிள்ளைகள் தங்கள் அளவுக்குச் சிறிதான பொருள்களைக் கையாண்டு கற்கலாம் என்று சொன்னவர். அந்த வழியிலேயே 1954-இல் உரோமையில் சோஃபியா கவல்லெத்தி, ஜன்னா கோபி என்ற இரு பெண்கள் நல்லாயன் மறைக்கல்வி என்ற முறையைத் தொடங்கினார்கள். மரத்தில் செய்த சிறிய பீடம், சிறிய கிண்ணம், சிறிய அப்பத்தட்டு, ஆடுகளும் ஆயனும்.

நமக்கு மரச்சாமான் செய்யப் பணமில்லை. செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி பீடம். வெள்ளைக் கைக்குட்டை பீடத்துணி. எவர்சில்வர் டம்ளரைக் கிண்ணமாக வைக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இது விளையாட்டுத் திருப்பலி ஆகிவிடக் கூடாது. பொருளின் பெயரைச் சொல்லி, எடுத்து, வைத்து, அடுத்த பிள்ளைக்கு நகர்த்துவது மட்டுமே. ஆசிரியர் மெதுவாகக் கையாண்டால் பிள்ளையும் மெதுவாகக் கையாளும். அடுத்த ஞாயிறு திருப்பலியில் அந்தப் பிள்ளைகள் கழுத்தை நீட்டி பீடத்தைப் பார்ப்பார்கள்.

ஏழு நிமிட ஒத்திகை

பி.எட். படித்தவர்களுக்கு நுண்ணிலைக் கற்பித்தல் தெரிந்திருக்கும். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை. சிறிய குழு, சிறிய பாடம், ஒரே ஒரு திறன். மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு இதைவிட ஏற்ற பயிற்சியை நான் பார்க்கவில்லை.

நாலாவது வாரம் தொடங்கலாம். வகுப்பு முடிந்த பிறகு, தேநீரோடு, அரை மணி நேரம். ஒருவர் 7 நிமிடம் நடத்துவார். மற்றவர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளாக உட்கார வேண்டும். ஓய்வுபெற்ற தபால்காரர் அதில் கில்லாடி. "மிஸ், இவன் என்னைக் கிள்ளிட்டான்" என்று சரியான நேரத்தில் ஆரம்பித்துவிடுவார். முதல் வாரத்தின் திறன், உள்ளே வந்து முதல் இரண்டு நிமிடம் மட்டும். அடுத்த வாரம் கதை சொல்வது. அதற்கடுத்து கேள்வி கேட்டுக் காத்திருப்பது.

கருத்துச் சொல்வதற்குக் கறாரான ஒழுங்கு வேண்டும், இல்லாவிட்டால் ஆள் நின்றுவிடுவார்கள். நடத்தியவர் முதலில் பேசுவார்: எது வந்தது, எது வரவில்லை. பிறகு மற்றவர்கள் நல்லதாக ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று. அதற்கு மேல் கிடையாது. இறையியல் சண்டை போடுவோருக்கு இன்னொரு தேநீர் கொடுத்து வெளியே அனுப்பலாம்.

வகுப்பறை என்று ஒன்று இல்லாதபோது

பல பங்குகளில் தனி அறை கிடையாது. கோயிலுக்குள் மூன்று வகுப்பு, தாழ்வாரத்தில் ஒன்று, மாதா கெபி முன்னால் ஒன்று, வேப்பமரத்தடியில் ஒன்று. ஒரு ஆசிரியர் குரலை உயர்த்தினால் அடுத்தவரும் உயர்த்துவார், ஐந்து நிமிடத்தில் சந்தைக்கடை. வட்டமாக உட்கார வைத்து, ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தால் பாதிச் சத்தம் குறையும். தாழ்ந்த குரலில் பேசினால் பிள்ளைகள் நெருங்கி வருவார்கள்.

பசி இன்னொன்று. முதல் திருப்பலிக்கு வரும் பிள்ளைகளில் பலர் காலையில் எதுவும் சாப்பிடாமல் வருகிறார்கள். எட்டரை மணிக்குக் கவனமில்லை என்று திட்டுவதற்கு முன்னால் ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பங்கில் அன்பியங்கள் (அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்கள்) முறை போட்டு இந்தச் செலவை ஏற்றுக்கொண்டன. கற்பித்தல் முறைகளில் இதற்கு இணையானது அதிகமில்லை.

அடி, முட்டிபோட வைப்பது இரண்டும் கூடாது. இன்னொன்று பலருக்குத் தோன்றாது: செபத்தைத் தண்டனையாகக் கொடுப்பது. "பேசுனல்ல, பத்து அருள் நிறைந்த மரியே சொல்லு" என்றால் அந்தப் பிள்ளைக்குச் செபம் என்பது கெட்டது செய்தால் கிடைப்பது என்றாகிவிடும். "சாமி கண்ணைக் குத்தும்" என்பதும் அந்த ரகம்.

இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்

பிள்ளைகளின் பாதுகாப்பு. முதல் நாளே, எழுத்தில், கையெழுத்து வாங்கி. பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் யாரும் இருக்கக் கூடாது, ஆசிரியர், அருள்சகோதரி, குரு, யாராக இருந்தாலும். பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட முறையில் வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது. பெற்றோர் குழுவில் போடலாம். பெற்றோரைக் கேட்காமல் படம் எடுத்துப் போடக் கூடாது. பிள்ளை ஏதாவது சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாமல், அதிர்ச்சி காட்டாமல், சொன்னபடியே கேட்டு எழுதி வையுங்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் மறைப்பதும் குற்றம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பங்கின் பெயர் கெடும் என்று அமுக்கச் சொல்பவர் யாராவது கட்டாயம் இருப்பார். அவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை.

பதில் தெரியாத கேள்விகள்

"எங்க தாத்தா குடிச்சுக் குடிச்சே செத்துட்டாரு. நரகத்துக்கா போயிருப்பாரு?" பத்து வயதுப் பிள்ளை கேட்டது. ஆசிரியை திகைத்து, பாவம் செய்தால் நரகம் என்று பாடநூல் பக்கத்தைச் சொல்லிவிட்டார். பிள்ளை அடுத்த வாரம் வரவில்லை. இப்படிக் கேட்கும் பிள்ளை நரகத்தின் விளக்கத்தைக் கேட்கவில்லை, தாத்தாவைப் பற்றிக் கேட்கிறது. "தாத்தாவ உனக்கு ரொம்பப் பிடிக்குமா?" என்று தொடங்குங்கள். இறந்தவருக்காகச் செபிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு, அவருக்காகச் சேர்ந்து செபியுங்கள்.

எதற்கும் பதில் தெரியாவிட்டால் "எனக்குத் தெரியல, ஃபாதர்கிட்ட கேட்டுட்டு அடுத்த வாரம் சொல்றேன்" என்று சொல்லப் பழக்குங்கள். ஒத்திகையில் இதை வாய்விட்டுச் சொல்ல வைப்பேன், முதல் தடவை எல்லாருக்கும் தொண்டை அடைக்கும். அடுத்த வாரம் மறக்காமல் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம்.

"என் ஃபிரெண்டு முருகனைக் கும்பிடுறான், அவன் பாவியா?" என்பதும் வரும். 1965-இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதற்குத் தெளிவாக வழி காட்டியிருக்கிறது. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை. நண்பனின் வீட்டுப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வரும் பிள்ளையிடம் வேறு எதையும் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

ஆண்டு முழுவதும்

மறைமாவட்டத் தேர்வு நெருங்கினால் ஜனவரியிலிருந்து எல்லாரும் பழையபடி ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். நான்கு ஞாயிறுகளைத் தேர்வுக்கென்று ஒதுக்கிவிட்டு மற்றவற்றைத் தொடாமல் வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒருவரையாவது வெளிப் பயிற்சிக்கு அனுப்புங்கள். மறைமாவட்டப் பணிக்குழுக்கள் நடத்துகின்றன. திண்டிவனத்தில் தமிழக ஆயர்களின் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இருக்கிறது. 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் முறையான பணிகளில் ஒன்றாக ஏற்படுத்தினார். ஆனால் வெளியே போய் வந்தவர் அங்கே கேட்டதைப் பங்கில் மற்றவர்களுக்கு 7 நிமிடத்தில் செய்து காட்ட வேண்டும், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினால் மட்டும் போதாது.

மாதம் ஒருமுறை நீங்கள் ஒவ்வொரு வகுப்பிலும் பாயில் போய் உட்காருங்கள். நோட்டு எடுக்க வேண்டாம், ஆசிரியருக்குக் கை நடுங்கும்.

ஆசிரியர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். பெண்கள் கல்யாணமாகி வேறு பங்குக்கு, பையன்கள் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ. அதனால் வகுப்புக்கு ஒரு 80 பக்க நோட்டு. வகுப்பு முடிந்ததும் இருவரில் ஒருவர் ஐந்து வரி எழுத வேண்டும்: எது எடுபட்டது, எது படுத்துக்கொண்டது, அடுத்து வருபவருக்கு என்ன. நல்ல தமிழில் எழுதச் சொல்லாதீர்கள், எழுதவே மாட்டார்கள்.

அந்த நர்சிங் பெண் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் விட்டுப்போன நோட்டைப் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாள் கையில் கொடுக்கிறேன். முதல் பக்கம் இப்படி இருக்கிறது: "உள்ள போனதும் பேர் சொல்லிக் கூப்பிடணும். 23 பேர்ல 19 பேர் சரியா சொல்லிட்டேன். ஜன்னல் பக்கம் உக்கார்றவன் பேர மட்டும் ரெண்டு தடவ மாத்திச் சொல்லிட்டேன். கோவமா இருக்கான். அடுத்த வாரம் அவன்கிட்ட இருந்து ஆரம்பிக்கணும்."